வண்ணப் பொடிப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாழ்த்து அட்டை, காகிதப் பூ, க்வில்லிங் (காகிதப் பட்டைகளைச் சுருட்டி உருவம் ஒட்டும் கலை) செய்கிறவர்களிடையே நீர்வண்ணப் பொடி இப்போது பரவலாகிவிட்டது. தாளில் லேசாகத் தூவித் தண்ணீர் தெளித்தால், தூரிகை இல்லாமலே நிறம் வெடித்துப் பரவும். பிள்ளைகளுக்கும் பிடித்துப்போகிறது. ஆனால் பெயரில்லாத பிளாஸ்டிக் பையில் 'வாட்டர்கலர் பொடி' என்று விற்கப்படுவது எல்லாம் ஒரே பொருள் அல்ல. அது தெரியாமல் வாங்குவதால்தான் பாதி வேலைகள் கெடுகின்றன.

இந்தப் பெயரில் மூன்று பொருள்கள் வருகின்றன. முதலாவது, நீரில் முழுக்கக் கரையும் சாயத் துகள். இங்கிலாந்தின் 'புரூஷோ' போன்ற பொடிகள் இந்த வகை. இரண்டாவது, காவி, அல்ட்ராமரைன் நீலம் போன்ற கரையாத நிறமி. இதில் பிசின் சேர்க்காவிட்டால், காய்ந்த பிறகு விரல் பட்டாலே உதிரும். மூன்றாவது, சாயமேற்றிய கல்மாவு, அதாவது கலர் கோலப்பொடி. இது தரைக்கு உரியது. தாளில் போட்டால் வெளிறிய படலமாகக் காய்ந்து, மடிக்கும்போது கொட்டும்.

சாயத் துகளைக் கையாள்வதில் முதல் விதி மின்விசிறியை நிறுத்துவது. டப்பா மூடியைத் திறக்கக் கூடாது. குண்டூசியால் அதில் ஒரு துளை போட்டு, அதன் வழியே தட்டித் தூவ வேண்டும். அஞ்சலட்டை அளவுத் தாளுக்கு ஒரு நிறத்தில் இரண்டு மூன்று தட்டு போதும். பிறகு ஓரடி உயரத்திலிருந்து மென்மையான தூறலாகத் தெளிக்க வேண்டும். கிட்டத்தில் பிடித்து அழுத்தினால் பெரிய துளிகள் விழுந்து, துகள்களை அடித்துச் சென்று எல்லாவற்றையும் சேறாக்கிவிடும். தெளித்ததும் கைவைக்காமல் இரண்டு நிமிடம் விடுங்கள். ஹேர் டிரையரை உடனே காட்டினால், நனையாத துகள் பறந்து வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பழுப்பு, கறுப்பு, கரும்பச்சைப் பொடிகள்தான் பார்க்க மிக அழகு. அவை பெரும்பாலும் பல சாயங்களின் கலவை. ஒவ்வொரு சாயமும் நீரில் கரையும் வேகமும் காகித நாரைப் பற்றும் வலுவும் வேறு என்பதால், ஒரே பழுப்பிலிருந்து மஞ்சளும் சிவப்பும் நீலமும் தனித்தனியே ஓடும். பள்ளியில் வடிதாளில் மைப்பொட்டு வைத்துச் செய்யும் வண்ணப்பிரிகை சோதனையேதான் இது. ஆகவே பழுப்பை மட்டும் தனியே தூவிப் பாருங்கள். அதன் மேல் வேறு நான்கு நிறங்களைக் கொட்டினால் மிஞ்சுவது சாம்பல் நிறம்தான்.

எங்கள் உறுதியான கருத்து: வண்ணத்தைவிடத் தாளுக்கே பணம் செலவிட வேண்டும். 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஜெராக்ஸ் தாள் நனைந்ததும் நெளியும், மேற்பரப்பு திரித்திரியாக எழும். 300 ஜி.எஸ்.எம். நீர்வண்ணத் தாள் இதைத் தாங்கும். கைக்காகிதத்தில் சில ரகம் நன்றாக இருக்கும், சில ரகம் தண்ணீரை உறிஞ்சித் தள்ளும். வாங்குமுன் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். ஒரு நிமிடம் முத்தாக நின்றால் தாளில் பசைப்பூச்சு இருக்கிறது, நிறம் மேலேயே பரவும். உடனே உள்ளிறங்கினால் நிறமும் அப்படியே முடங்கும். அத்தகைய தாளுக்கு, 100 மில்லி வெந்நீரில் 2 கிராம் ஜெலட்டின் கரைத்துப் பூசிக் காயவைத்தால் குறை பெரிதும் தீரும்.

300 ஜி.எஸ்.எம். தாள் மடிப்புக்கு முரண்டு பிடிக்கும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கோடு அழுத்திவிட்டு, காகித நார் ஓடும் திசையிலேயே மடிக்க வேண்டும். க்வில்லிங்குக்கு மெல்லிய தாள்தான் வேண்டும். அதில் நிறம் போட்டு, முழுக்கக் காய்ந்த பிறகே பட்டைகளாக வெட்டுங்கள். வெட்டிய பட்டையை நனைத்தால் முறுக்கிக்கொள்ளும்.

சாயம் காய்ந்த பிறகும் நீர் பட்டால் மறுபடி கரையும். அதனால் தண்ணீர் கலந்த பசை ஓரங்களில் நிறத்தை இழுத்துவிடும். இருபக்க டேப் பாதுகாப்பானது. வார்னிஷைத் தூரிகையால் பூச வேண்டாம். ஸ்ப்ரே வார்னிஷை வெளியிடத்தில் இரண்டு மெல்லிய பூச்சாக அடித்தால் போதும்.

நிறமிப் பொடி வைத்திருப்பவர்கள் ஒரு பங்கு வேலம்பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் இரவெல்லாம் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, சில சொட்டு கிளிசரினும் பூஞ்சை பிடிக்காமல் ஒரு சொட்டு கிராம்பு எண்ணெயும் சேர்க்கலாம். பொடியும் பிசின் நீரும் சம அளவில் குழைத்துத் தொடங்குங்கள். உதிர்ந்தால் பிசின் போதாது. பளபளத்து வெடித்தால் பிசின் அதிகம். காவி வெயிலிலும் மங்காது. மஞ்சள்தூள் நேர் வெயிலில் சீக்கிரமே வெளுத்துவிடும். சுவரில் மாட்டும் எதற்கும் அது உதவாது.

இதையெல்லாம் கடந்து கவலை தருவது, பெயரில்லாத பளீர் ரோஸ் நிறப் பொடி. பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்ததை வாசகர்கள் அறிவார்கள். ரோடமின் பி துணிக்கும் காகிதத்துக்கும் போடும் தொழிற்சாலைச் சாயம். கைவினைப் பொடியை யாரும் தின்பதில்லை என்பது சரி. ஆனால் தூவும்போது மூக்கில் ஏறுகிறது, பிள்ளைகளின் விரல் வாய்க்குப் போகிறது. மளிகைக் கடையில் வாங்கும் உணவு வண்ணப் பொட்டலத்தில் டார்ட்ரசீன், கார்மோய்சின் என்று சாயத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. கைவினைப் பொட்டலத்தில் அது ஏன் இல்லை? சாயமா நிறமியா, அதன் பெயர் என்ன, பிசின் சேர்ந்ததா என்ற மூன்று வரிகளைப் பொட்டலம் கட்டும் வியாபாரிகள் அச்சிட வேண்டும். பள்ளிகள் அப்படி அச்சிட்டதை மட்டுமே வாங்க வேண்டும். அதுவரை சிறு பிள்ளைகளுக்கு உணவு வண்ணமே போதும். நிறம் சற்று வெளிறினாலும் அதே போலப் பரவும்.

வீட்டில் ஏற்கெனவே பொடி இருந்தால், கண்ணாடி டம்ளர் நீரில் ஒரு சிட்டிகை போட்டு ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் எதுவும் தங்காமல் நீர் தெளிந்த நிறமாக இருந்தால் சாயம். நிறமே அடியில் படிந்து மேல் நீர் தெளிந்தால் நிறமி. மேலே நிறநீரும் அடியில் வெளிறிய மாவும் நின்றால் அது கோலப்பொடி. வாசலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
காகிதக் கைவினைப் பயிற்றுநர்கள் சிலர்,
மதுரை