செயலாளரின் ஆண்டறிக்கை: வராத பாக்கியும் சமரச மேசையும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், லேத், பவுண்டரி, ஜாப் ஒர்க் பட்டறை நடத்தும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மின்கட்டணம், சாலை விஷயங்களில் மனு கொடுத்ததற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டு முழுக்க அலுவலகத்துக்கு வந்த கேள்வி ஒன்றுதான்: சரக்கு வாங்கியவர்களிடம் நிற்கும் பாக்கியை வாங்குவது எப்படி? ஆகவே அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே.

கோர்ட்டில் தாவா போட்டு வாய்தாவுக்கு நடப்பதற்கு முன், நம்மைப் போன்ற குறு, சிறு தொழில்களுக்கு 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு ஒரு வழி தருகிறது. அந்தச் சட்டப்படி மாநில அரசு அமைத்த ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனு கொடுத்தால் முதலில் சமரசம் பேசுவார்கள். முறிந்தால்தான் நடுவர் விசாரணை. தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என நான்கு கவுன்சில்கள். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடப்பில் அதற்கு மேலும் இழுக்கும், அதையும் கணக்கில் வைத்தே இறங்குங்கள்.

உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, சரக்கு அனுப்பிய தேதிக்கு முன்னதாகவே இருக்க வேண்டும். பிந்தி எடுத்திருந்தால், உச்ச நீதிமன்றத்தின் 2021 சில்பி இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்பைக் காட்டி எதிர்த்தரப்பு முதல் நாளே ஆட்சேபிக்கும். வாங்கி விற்கும் வியாபாரம் மட்டும் செய்பவர்களுக்கு உத்யம் சான்று இருந்தும் இந்த வழி கிடையாது. 2021-இல் அவர்களைச் சேர்த்தது வங்கியின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். ஜாப் ஒர்க், அதாவது பிறர் பொருளில் கூலிக்குச் செய்து தரும் வேலை, சேவையாகக் கணக்கில் வரும், தயங்க வேண்டாம்.

அடுத்தது டெலிவரி சலான், அதாவது சரக்கோடு அனுப்பும் சீட்டு. சமரச மேசையில் வாங்கியவர் எடுக்கும் முதல் ஆயுதம் ‘ரிஜெக்‌ஷன்’. காஸ்டிங்கில் (வார்ப்பில்) ஓட்டை, போர் (துளை) அளவு கூடிவிட்டது என்று எட்டு மாதம் கழித்து, தொகையைக் கழிக்கும் டெபிட் நோட்டு நீட்டுவார்கள். சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கொள்ளும். அந்த 15 நாளை நிரூபிப்பது சலானில் இருக்கும் தேதியும் கையெழுத்தும்தான். செக்யூரிட்டி கேட் சீல் மட்டும், அதிலும் தேதி தெரியாமல் நசுங்கிய சீல் இருக்கும் சலானை நம்பிப் போகாதீர்கள். ஸ்டோர்ஸ் ஆள் பெயர், தேதி, வண்டி எண் மூன்றும் வேண்டும். சீலுக்கு மேல் ‘இன்ஸ்பெக்‌ஷனுக்கு உட்பட்டது’ என்று எழுதியிருந்தால், சோதித்த முடிவை அந்த வாரமே மெயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டிக் கணக்கில்தான் மனுக்கள் அதிகம் பிசகுகின்றன. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் தவணை எழுதினாலும் 45 நாளைத் தாண்ட முடியாது; எழுத்தே இல்லாவிட்டால் 15 நாள். அதன்பின் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. பலர் ரெப்போ விகிதத்தையோ தம் ஓவர்டிராஃப்ட் (ஓ.டி.) கணக்கின் வட்டியையோ போட்டுவிடுகிறார்கள். வங்கி விகிதம் 6.75 சதவீதமாக இருந்த காலத்தில் ஆண்டுக்கு 20.25 வந்தது. 4,00,000 ரூபாய் ஓராண்டு நின்றிருந்தால் வட்டி மட்டும் ஏறத்தாழ 89,000. விகிதம் மாறிய தேதியில் கணக்கையும் மாற்றிப் போட வேண்டும்.

இந்த வட்டிதான் நம் கையில் இருக்கும் பேரத் துருப்பு. வாங்கியவர் தோற்று, தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். அவர் வக்கீலுக்கு இது தெரியும். வட்டியில் எவ்வளவு விடலாம், அசலில் கை வைக்கலாமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். அடிமட்டத் தொகையை எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். சமரசத்தில் பேசியதைச் சாட்சியமாக்கக் கூடாது என்பது சரி. ஆனால் சமரசம் பேசிய கவுன்சிலே பிறகு நடுவராக உட்காரலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காதில் விழுந்ததை யாரும் துடைத்துவிட முடியாது. வாட்ஸ்அப்பில் ‘மூணு லட்சம் கொடுங்க போதும்’ என்று முன்கூட்டியே அனுப்புவது அதைவிட மோசம்.

எதிர்த்தரப்பில் வருபவருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். பர்ச்சேஸ் அதிகாரி மட்டும் வந்து ‘மேலே கேட்டுச் சொல்கிறேன்’ என்றால் அந்த நாள் வீண். கம்பெனி என்றால் அதிகாரக் கடிதம், கூட்டு நிறுவனம் என்றால் பங்குதாரரே வர வேண்டும்.

பேசி முடித்த பின் எழுத்தில் கோட்டை விடுவது பேச்சில் முறிவதைவிட வருத்தம். ‘ஆறு தவணையில் தருவார்’ என்று எழுதினால் போதாது. ஒவ்வொரு தவணையின் தேதி, தொகை, காசோலை எண் வேண்டும். ஒரு தவணை தவறினாலும் விட்டுக்கொடுத்த வட்டி உட்பட முழுத்தொகையும், கட்டியது போக, உடனே தர வேண்டும் என்ற வரி கட்டாயம். தொகை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று எழுதுங்கள். அசலைக் குறைத்தால் வரியோடு கிரெடிட் நோட்டு (பில் தொகையைக் குறைத்து நாம் தரும் சீட்டு) போடுவதற்கு, சரக்கு அனுப்பிய நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் நேரம். தாண்டினால் கட்டிய வரி நம் தலையில். நம் பட்டறையில் கிடக்கும் அவர்களுடைய பேட்டர்ன் (வார்ப்பு மாதிரி), ஜிக் (பிடிப்புக் கருவி) எப்போது, எந்தத் தவணைக்குப் பின் திரும்பும் என்பதையும் சேருங்கள். அதை விட்டுவிட்டால் இரண்டாம் தகராறு அங்கிருந்து முளைக்கும்.

உத்யம் வழி இல்லாத வியாபாரிகளுக்கு, 3 லட்சத்துக்குக் குறையாத வணிகத் தாவா என்றால் அவசரத் தடை கேட்டாலொழிய, பிராது போடும் முன் சமரசம் பேசுவது கட்டாயம். அதைத் தவிர்த்துப் போட்ட பிராது தள்ளுபடியாகும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2022 பாட்டீல் ஆட்டோமேஷன் தீர்ப்பு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் படிவம் 1, கட்டணம் 1,000 ரூபாய். பேசி முடிக்க மூன்று மாதம், இருவரும் இசைந்தால் மேலும் இரண்டு. 10 லட்சம் வரை சமரசக் கட்டணம் 15,000, இருவரும் பாதிப்பாதி. எதிர்த்தரப்பு வராவிட்டால் அதற்கான அறிக்கை தருவார்கள். பிராதுடன் இணைக்க அது தேவை, தொலைக்காதீர்கள். பேசிய காலம் காலவரம்பில் கழியும்.

ஏற்கெனவே தாவா நடந்தால், வெளியில் பேசி முடித்தாலும் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தின் இந்த நிலைப்பாட்டை 2021-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. கேட்காதவர்கள்தான் அதிகம்.

ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். சங்க அலுவலகத்தில் இரு உறுப்பினர்களை உட்காரவைத்து, 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி முடிப்பது நம் பழைய வழக்கம். மதிப்பு உண்டு, ஆனால் அது வெறும் ஒப்பந்தம், தீர்ப்பாணை அல்ல. தவறினால் மறுபடி தாவாதான். இனி அப்படி முடிப்பதை, இருவரும் சம்மதித்தால், மக்கள் நீதிமன்றத்தில் வைத்து ஆணையாக்கிக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அதற்கு மேல்முறையீடு இல்லை.

வட்டிக் கணக்குத் தாளும், சமரச ஒப்பந்த மாதிரியும் அலுவலகத்தில் இருக்கின்றன. மனு போட நினைப்பவர்கள் பில், சலான், பர்ச்சேஸ் ஆர்டர், உத்யம் சான்று நகல்களைத் தேதி வரிசைப்படி அடுக்கி எடுத்து வாருங்கள். அடுத்து, பொருளாளர் அறிக்கை.

செயலாளர்