கிறிஸ்மஸுக்கு அமரில்லிஸ்

பாளையங்கோட்டை,
ஆவணி முதல் வாரம்.

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்கு முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சுகம். மகள் கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகளோடு வருகிறாள். மேல்காற்று இன்னும் ஓயவில்லை, தார்சாவைப் பெருக்கிப் பெருக்கி இடுப்பு ஒடிகிறது.

கிறிஸ்மஸுக்குப் பூத்தொட்டி பரிசு கொடுக்கத் துலிப் கிழங்கு வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் ஒன்பது டிகிரிக்குக் கீழே குளிர்ந்து கிடந்தால்தான் அது ஒழுங்காகப் பூக்கும். ஸ்ரீநகரில் பனிக்காலமே அதைப் பார்த்துக்கொள்கிறது. நாம் ஃபிரிட்ஜில் வைத்து ஒப்பேற்றினாலும் நம் மார்கழி வெயிலைப் பூ தாங்காது.

நமக்கு ஏற்றது அமரில்லிஸ்தான். உங்கள் பழைய வீட்டுக் கிணற்றடியில் கோடை மழைக்குச் சிவப்பாகப் பூத்து நிற்குமே, அதே சாதி. சித்திரைப் பூவை மார்கழிக்கு இழுத்துவர வேண்டுமானால், கிழங்கை உறங்க வைத்து நாம் குறித்த நாளில் எழுப்ப வேண்டும். உறங்க வைப்பது என்றால் தண்ணீரை நிறுத்துவது, அவ்வளவுதான். எட்டு முதல் பத்து வாரம் காய வேண்டும். பாளையங்கோட்டையில் இதற்குப் பாடே இல்லை. மேற்கே மலை மழையை வாங்கிக்கொள்வதால் ஆவணியும் புரட்டாசியும் இங்கே வறண்டுதான் கிடக்கும். நீ இருப்பது தென்காசி. ஆடி போனாலும் சாரல் விட்டுவிட்டுத் தூறும். அதனால் ஆவணி பாதியில் தண்ணீரை நிறுத்தி, உன் மாடித் தொட்டிகளை நனையாத இடமாகப் பார்த்து உள்ளே தூக்கி வை.

இலை மஞ்சளடித்துத் தொங்கும். பச்சையாக இருக்கும்போது மட்டும் வெட்டிவிடாதே, கிழங்குக்குச் சாப்பாடு சேர்ப்பது அந்த இலைதான். ஏறக்குறைய நான்கு இலைக்கு ஒரு பூந்தண்டு உள்ளே உருவாகும். ஆகவே இலையை எண்ணினாலே வரப்போகும் தண்டுகளை ஓரளவு கணித்துவிடலாம். பாதி அழுகிய கிழங்கு ஒன்றை ஒரு தரம் நெடுக அறுத்துப் பார்த்தேன். அடுக்கு அடுக்காக வெள்ளைத் தோல், நல்ல பாதியின் நடுவில் அரிசி அளவுக்கு இளம்பச்சையாக ஒரு மொட்டு ஒடுங்கிக் கிடந்தது. எத்தனையோ வாரம் கழித்து வரவேண்டிய பூ! அன்றிலிருந்து உறங்குகிற தொட்டியைப் பார்த்தால் எனக்கு வெறும் மண்ணாகத் தோன்றுவதில்லை.

நவம்பர் தொடக்கத்தில் எழுப்பு. நட்டுத் தண்ணீர் விட்ட நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் பூக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாமல் வாரம் விட்டு வாரம் நட்டால் சிலதாவது நாளுக்கு வாய்க்கும். நான் காருகுறிச்சி மண்தொட்டிதான் வாங்குகிறேன். கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடம் போதும், பெரிய தொட்டியில் ஈரம் தங்கி அழுகிவிடும். செம்மண், மக்கிய தொழுவுரம், கொஞ்சம் உடைத்த செங்கல். கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். முதல் நாள் நன்றாக ஊற்று, பிறகு முளை தெரியும்வரை கையை அடக்கு. தண்டு முந்தினால் நிழலுக்கு மாற்று, பிந்தினால் வெயிலுக்கு.

மழைதான் பயம். 2023 டிசம்பர் 17, 18 மறக்கக்கூடியதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கிறிஸ்மஸுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால். ஆகையால் தண்டு கிளம்பிய தொட்டி கூரை இறவாணத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். மழையோடு ஒரு புழுவும் வரும், கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி. ராத்திரியோடு ராத்திரியாக இலையைத் தின்று தீர்த்துவிடும். காலையில் இலையின் அடியைப் பார்த்துப் பொறுக்கிப் போடு.

பரிசு கொடுக்கிறவர்கள் பூ விரிந்த பிறகு கொடுக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. மொட்டு நிறம் காட்டியதுமே கொடுத்துவிட வேண்டும், விரிவதை அவர்கள் வீட்டில் பார்க்கட்டும். ஊசிக்கோபுரம் சர்ச்சில் ஆராதனை முடிந்து வருகிற சொந்தக்காரர்களுக்கு முறுக்கு, அதிரசத் தட்டோடு இந்த வருசம் ஒவ்வொரு தொட்டி. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: கிழங்கு விஷம், வெங்காயக் கூடைப் பக்கம் வைக்கக் கூடாது. பூ வாடியதும் தண்டை மட்டும் நறுக்கி, இலையை வெயிலில் விட வேண்டும். தெரியாமல் நல்ல கிழங்கைக் குப்பையில் போடுகிறவர்கள் அதிகம்.

தங்கச்சிக்குப் பொங்கலுக்குக் கொடுக்கும் பொங்கப்படிச் சீரோடு பூத்தொட்டி வைக்க வேண்டுமென்றால் சம்பங்கி நல்லது. பூக்க மூன்று மாதமாவது பிடிக்கும், ஆகவே புரட்டாசிக்குள் கிழங்கை ஊன்றிவிடு. ஒரு தரம் பூத்த சம்பங்கிக் கிழங்கு மறுபடி பூக்காது, பக்கத்தில் விடும் குட்டிதான் அடுத்த பூவுக்கு. அதையும் அவளிடம் சொல்லி வை.

பூக்கிற பருவத்துக்கு வந்த அமரில்லிஸ் என்னிடம் சிவப்பும் இருக்கிறது, வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டதும் இருக்கிறது. ஐப்பசியில் தம்பி குற்றாலம் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். எது வேண்டும், எத்தனை வேண்டும் என்று மதினியைக் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி