எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா என்று அறிய ஆவல். போனில் பேசும்போது, "அங்கே அப்படி என்னதான் வேலை?" என்று கேட்டீர்கள். "படகு ரிப்பேர்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கடிதத்தில்தான் விவரமாகச் சொல்ல முடியும்.

இங்கே குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். அதற்கு முன்பே படகுகளைக் கரையேற்றி, எஞ்சினுக்குள் தங்கிய தண்ணீரை வடித்து, மூடி வைத்துவிடுவார்கள். வடிக்காமல் விட்டால் உள்ளே தண்ணீர் உறைந்து விரிந்து, வார்ப்பிரும்பே வெடித்துப் போகும். பனி உருகியதும் எல்லாரும் ஒரே சமயத்தில் படகை இறக்குகிறார்கள். அப்போது எங்கள் பட்டறையில் கால் வைக்க இடமிருக்காது. கைமாறி வந்த பழைய மோட்டார் படகுகள் நிறைய வரும். வாங்கியவர்கள் எல்லாரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: "எஞ்சினுக்கு இழுவை இல்லை."

எனக்கு வேலை கற்றுத்தரும் பெரியவர், அந்தப் பேச்சைக் கேட்டதும் ஸ்பேனரை எடுக்க விடமாட்டார். முதலில் ஆளை ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் போகச் சொல்வார். த்ராட்டிலை (நம் வண்டியின் ஆக்ஸிலரேட்டர் மாதிரி) முழுக்கத் தள்ளி, ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள், எவ்வளவு, ஜிபிஎஸ்ஸில் வேகம் எவ்வளவு என்று இரண்டையும் நோட்டில் எழுத வேண்டும். காற்றும் நீரோட்டமும் கணக்கைக் கெடுக்காமல் இருக்க, போகும் திசையில் ஒன்று, திரும்பும் திசையில் ஒன்று எடுத்து, சராசரி போட வேண்டும். அவர் நிதானமாகப் பேசுவதால் இந்த ஊர் மொழியும் எனக்கு மெல்லப் பிடிபடுகிறது.

போன மாதம் வந்த ஒரு படகைப் பற்றிச் சொல்கிறேன். 19 அடி ஃபைபர் படகு, பின்புறம் வெளியே மாட்டிய 115 குதிரைசக்தி அவுட்போர்டு எஞ்சின். முழு த்ராட்டிலில் 5,000 முதல் 6,000 ஆர்பிஎம்முக்குள் ஓட வேண்டும் என்று அதன் கையேடு சொல்கிறது. இது 4,300-ஐத் தாண்டவில்லை. வாங்கியவர் ஃப்யூயல் பம்பை மாற்றிவிடலாம் என்று பிடிவாதமாக நின்றார்.

பம்பைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை பல இருக்கின்றன. கேபிள் தளர்ந்திருந்தால், கைப்பிடியை முழுக்கத் தள்ளினாலும் எஞ்சினில் த்ராட்டில் முழுக்கத் திறக்காது. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் தள்ள இன்னொருவர் பார்த்தாலே தெரிந்துவிடும். அடுத்தது பெட்ரோல் குழாயில் இருக்கும் பிரைமர் பல்பு; கையால் அமுக்கி எஞ்சினுக்குப் பெட்ரோலை ஏற்றுவதற்கானது. அந்த ரப்பர் பல்பு எவ்வளவோ உண்மையைச் சொல்லும். ஓடும்போது அது சப்பிப்போனால், டேங்க் பக்கம் அடைப்பு. டேங்க் மூடியைத் திறந்ததும் எஞ்சின் சீராகிவிட்டால், டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. எவ்வளவு அமுக்கினாலும் பல்பு இறுகவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பல்பின் வால்வே போய்விட்டது. எஞ்சின் திணறும் நேரத்தில் பல்பைக் கையால் அமுக்கி, அது உடனே தெளிந்தால் மட்டுமே பம்பின் மேல் சந்தேகம் வர வேண்டும். இந்தப் படகில் எல்லாம் சரியாக இருந்தன. ஃபில்டரில் வடித்த பெட்ரோலிலும் தண்ணீர் இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், மாதக்கணக்கில் நின்ற படகில் அதைப் பார்க்காமல் விடுவதில்லை.

பிறகு எஞ்சினைச் சூடாக்கி, பிளக்குகளை எல்லாம் கழற்றி, த்ராட்டிலைத் திறந்து வைத்துக் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தோம். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. இங்கே அதைவிடக் குறைவாகவே இருந்தது. நல்ல எஞ்சின், அப்பா. அதைப் பிரித்திருந்தால் பாவம்.

மீதி இருந்தது ப்ரொப்பெல்லரும் படகின் உடம்பும். ப்ரொப்பெல்லரில் பொறித்திருந்த பிட்ச் 21 அங்குலம். ஒரு சுற்றுக்கு அது வழுக்காமல் முன்னேறினால் போக வேண்டிய தூரம் அது. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். மலையேற்றத்தில் டாப் கியரில் போகும் வண்டி மாதிரி இந்த எஞ்சின் திணறிக்கொண்டிருந்தது.

ஆனால் பெரியவர் அதோடு விடவில்லை. ஆர்பிஎம்மைப் பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, 0.001524-ஆல் பெருக்கினால், வழுக்கலே இல்லாத வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் வரும். கியர் இரண்டுக்கு ஒன்று; எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று. கணக்கில் 69 வந்தது. ஏரியில் கிடைத்தது 52. நாலில் ஒரு பங்கு வழுக்கலில் போகிறது. இந்த மாதிரிப் படகுக்குப் பத்து, பதினைந்து சதவீதம் இருக்கலாம்; இவ்வளவு ஆகாது. ப்ரொப்பெல்லரை அதன் நடுத்தண்டோடு பிணைக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறதா என்று, நடுவில் இருக்கும் ஹப்பிலிருந்து வெளிவட்டம் வரை ஒரு கோடு கிழித்து ஓட்டிப் பார்த்தோம். கோடு நகரவில்லை. அப்படியானால் படகு கனக்கிறது. எடைமேடையில் ஏற்றினோம். ட்ரெய்லரின் எடையைக் கழித்த பிறகும், தயாரித்தவர்கள் சொன்ன எடையைவிட நூற்றுக்கணக்கான கிலோ கூடுதல். தரைப் பலகையில் துளையிட்டதும் தண்ணீர் கசிந்தது. மிதப்பதற்காக அடியில் நிரப்பிய நுரை பல வருஷம் நீரைக் குடித்து ஊறிப் போயிருந்தது.

நுரையை வெட்டி எடுத்துப் புதிதாக நிரப்பியது கைவலிக்கும் வேலை. அதன் பிறகு 17 அங்குல ப்ரொப்பெல்லர் மாட்டினோம். 5,400 ஆர்பிஎம், 61 கிலோமீட்டர். வாங்கியவர் கரைக்கு வந்தும் இறங்க மனமில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஃப்யூயல் பம்ப் அதன் இடத்திலேயே இருக்கிறது.

அம்மா பயப்படுவாள் என்று இதையும் எழுதுகிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தேங்கும். எஞ்சின் உள்ளே இருக்கும் படகுகளில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் நாலு நிமிஷமாவது, அந்த ஆவியை வெளியே தள்ளும் விசிறியான ப்ளோயரை ஓட விடுவோம். மூக்கால் முகர்ந்தும் பார்ப்போம். யார் அவசரப்படுத்தினாலும் இதைக் குறைப்பதில்லை.

நாளைக்கு ஒரு எஞ்சின் காத்திருக்கிறது. கியர் ஆயிலை வடித்தபோது பால் நிறத்தில் வந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது. எந்த சீல் வழியாக என்று காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். என்ன ஆயிற்று என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நீங்கள் முதலில் எந்த இடத்தைப் பார்ப்பீர்கள் என்று பதில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்