ஹாஷ் பிரவுன்: எண்ணெய்க் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் முட்டைக்குத் தொட்டுக்கொள்ள ஹாஷ் பிரவுன் (துருவிய உருளைக்கிழங்கு வறுவல்) செய்முறை தந்து, 100 கிராமுக்கு 77 கலோரிதான் என்று போட்டிருந்தீர்கள். அது பச்சைக் கிழங்கின் கணக்கு. துருவி, எண்ணெயில் முறுகவிட்டு எடுத்தால் 100 கிராம் சுமார் 265 கலோரி. கிழங்கிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போக, எண்ணெய் உள்ளே ஏறுகிறது.

150 கிராம் கிழங்குக்கு நீங்கள் சொன்ன 2 மேசைக்கரண்டி எண்ணெயே 240 கலோரி ஆகிறது, கிழங்கு 115தான்! துருவல் மெல்லியது, பரப்பு அதிகம், அதனால் நிறையக் குடிக்கும். அமெரிக்கர்கள் ‘ஹோம் ஃபிரைஸ்’ என்று செய்வதுபோல, தோலோடு முக்கால் பதம் வேகவைத்து, ஆறவிட்டு, பெரிய துண்டுகளாக நறுக்கிப் பிரட்டினால் 2 தேக்கரண்டி போதும். மொத்தம் 200 கலோரியைச் சுற்றி நிற்கும்.

துருவல்தான் வேண்டுமென்றால், 15 முதல் 30 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் கட்டி இறுக்கிப் பிழிய வேண்டும். உங்கள் செய்முறையில் இந்தப் படியே இல்லை. ஈரத் துருவல் கல்லில் ஒட்டும், முறுகாமல் அவியும். உடனே கை எண்ணெய்ப் புட்டிக்குப் போகும். உப்பை முன்கூட்டியே போட்டாலும் நீர் விட்டுக்கொள்ளும், கடைசியில் தூவுங்கள். ஊறவைப்பதில் வைட்டமின் சி கொஞ்சம் கரைந்துபோவது உண்மைதான். ஆனால் சர்க்கரையும் கரைகிறது, அதுதான் நமக்கு வேண்டியது.

ஏனென்றால் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் கிழங்கின் சர்க்கரையும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்து, புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று கருதப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாகிறது. வறுத்த உணவில் இது இருப்பதை 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நிறம் கருக்கக் கருக்க இதுவும் கூடும். உங்கள் படத்தில் இருந்த கரும்பழுப்பு அழகாகத்தான் இருந்தது, பொன்னிறத்திலேயே இறக்கியிருக்கலாம். கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், வறுக்கும்போது சீக்கிரம் கறுக்கும். வெளியே இருட்டான, காற்றோட்டமுள்ள இடமே சரி.

கல்லிலிருந்து எடுத்தபின் ஆறும்போதுதான் மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே இழுபடுகிறது. சூட்டோடு காகிதத்தில் ஒற்றிவிட வேண்டும். தட்டில் இதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். இதுவும் மாவுச்சத்துதான், கூட வைத்த இரண்டு ரொட்டியில் ஒன்றை எடுத்துவிட்டுத் தக்காளி வைக்கலாம்.

கடையில் உறையவைத்து விற்கும் ஹாஷ் பிரவுன் வில்லைகள் பெரும்பாலும் ஏற்கெனவே எண்ணெயில் ஒருமுறை பொரித்தவை. அவற்றுக்கு எண்ணெய் விடாத கல்லோ ஓவனோ போதும். உப்பும் அதிலேயே சேர்த்திருப்பார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் அளவைப் பார்த்துவிட்டு மேலே தூவலாமா என்று முடிவு செய்யுங்கள்.

– ஓர் உணவியலாளர், திருச்சி