பழைய வங்கிக் கட்டடத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம். நமது கூட்டுறவு வங்கியின் பழைய கட்டடத் திருப்பணி நிறைவடைந்தது. வேலை ஏன் தாமதமானது, செலவு ஏன் கூடியது என்று சிலர் கேட்பதற்கான விளக்கமும் இதுவே. கணக்கு ரசீதுகளுடன் அலுவலகத்தில் உள்ளது. யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

நம் கட்டடம், பிரிட்டிஷ் கால மெட்ராஸ் வங்கிக்குக் கட்டட ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டி சென்னையில் கட்டிய கடற்கரை மாளிகை போன்றதல்ல. 1904 கூட்டுறவுச் சட்டத்துக்குப் பின் சிறுகச் சிறுகச் சேர்ந்த பங்குத்தொகையில் எழுந்தது. ஆயினும் சுவர் சுண்ணாம்புக் காரை, கூரை மெட்ராஸ் டெரஸ்: மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிக் கட்டையால் தட்டி இறுக்கும் தளம்.

அந்த டெரஸை இடித்துவிட்டுக் கான்கிரீட் போட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்கிறார்கள் சிலர். முடிந்திருக்கும். வெயிலில் கான்கிரீட் விரிந்து, சுண்ணாம்புச் சுவரின் மேல்பகுதி வெடித்துமிருக்கும். தேக்கு உத்தரங்களில் சுவருக்குள் புதைந்த முனைகள் மட்டுமே இற்றிருந்தன. முன்பு ஒழுக்கை அடைக்கப் பூசிய சிமெண்ட்தான் காரணம். விரிசலில் இறங்கிய தண்ணீர் காய வழியின்றி மரத்தில் தங்கியது. முனைகளை வெட்டிப் பழைய தேக்கையே ஒட்டுப்போட்டு, காற்றோட்டத்துக்குச் சுற்றிலும் இடைவெளி விட்டோம்.

முதல் ஒப்பந்ததாரரை நிறுத்தியது பற்றி. டெரஸ் கலவையில் 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கூடாது, தட்டி முடித்தபின் கனம் 10 செ.மீ. என்பது ஒப்பந்தம். அவர் கொட்டிய கையோடு அளந்து 13 செ.மீ.க்குப் பில் போட்டார். தட்டத் தட்டக் கலவை இறங்கும் என்பது சித்தாளுக்கும் தெரியும். காற்றுக்குக் காசு கேட்டார். அதையாவது பேசித் தீர்த்திருக்கலாம். தட்டுகூலியை மிச்சம் பிடிக்கச் சிமெண்டும் கலந்தார். மறுநாள் நகத்தால் கீறினால் கீறல் விழவில்லை. சுண்ணாம்பு ஓரிரவில் அப்படி இறுகாது. மர உத்தரம் பாரத்துக்குச் சற்று வளையும். சுண்ணாம்புத் தளம் கூடவே இணங்கும், சிமெண்ட் வெடிக்கும். எனவே அவர் போட்ட வடக்குப் பகுதியை முழுக்கப் பெயர்த்தோம். கூடுதல் செலவில் பெரும்பங்கு இதுவே. அனுசரித்துப் போயிருக்கலாம் என்பவர்கள் ஐப்பசியில் ஒழுகினால் யாரைக் கேட்டிருப்பார்கள்?

அடுத்து வந்தவர்கள் கடுக்காய், வெல்லம் ஊறிய நீர் தெளித்து, தட்டுக்கட்டை துள்ளி எழும்வரை தட்டினார்கள். மேலே தட்டோடு எனும் தட்டையான ஓடு, வடிகாலுக்கு வாட்டம்.

பெட்டக அறை, காசாளர் கூண்டு, மரப்படிக்கட்டு, மின்கம்பி வேலைகள் மதிப்பீட்டுக்குள் முடிந்தன.

தேக்கு தந்த அரிசி ஆலைக்காரர், தட்டோடு தந்த மளிகை வணிகர்கள், கடுக்காய் மூட்டை தந்த நாட்டு மருந்துக் கடைக்காரர், ஒருநாள் ஊதியம் தந்த ஊழியர்கள், ஓய்வுபெற்ற காசாளர்கள், பெயர் வேண்டாமென்ற நெசவாளர் குடும்பத்தார் அனைவருக்கும் நன்றி. பட்டியல் முன்கூடப் பலகையில் உள்ளது. விடுபட்டவர்கள் செயலரிடம் ரசீதைக் காட்டவும்.

மாடியில் விரிசல் கண்டால் சுண்ணாம்புக் காரையால் மட்டுமே அடைக்க வேண்டும். டிஷ், கொடிக்கம்பம் எதற்கும் அங்கே துளையிட அனுமதியில்லை.

திருப்பணிக் குழு