மூன்று முறை கூப்பிட்டும் வராதவர்கள்

உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், நம்மூர் மாவட்டம் மாதிரியான கவுண்டி ஒன்றில் 1852 முதல் 1873 வரை நடந்த விவாகரத்து வழக்குகளை ஒருவழியாகப் படித்து முடித்துவிட்டேன். ஒரு வருஷ வேலை என்று ஆரம்பித்தது மூன்று வருஷம் இழுத்துவிட்டது. நீங்களெல்லாம் இல்லையென்றால் இன்னும் இழுத்திருக்கும்.

முதல் நன்றி, கோர்ட் பதிவறைச் சாவியை வைத்திருக்கும் அம்மாவுக்கு. போன முதல் நாளே "விவாகரத்துக் கட்டு எங்கே?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அப்படித் தனி அலமாரியே கிடையாது. கடன் வழக்குக்கும் குதிரை விற்ற தகராறுக்கும் நடுவில்தான் அதுவும் கிடக்கும். கோர்ட் உத்தரவுகளைப் பதியும் ஆர்டர் புக்கில் இருப்பது நாலு வரி: வாதி வந்தார், பிரதிவாதி வரவில்லை, மணமுறிவு தரப்பட்டது, செலவுத்தொகை இவ்வளவு. "இதை மட்டும் எழுதிக்கொண்டு போனால் ஒன்றும் தெரியாது" என்று சொல்லி, கீழ்த்தளத்திலிருந்து தனித்தாள் பெட்டிகளைத் தூக்கிவந்தார். மூன்றாக மடித்து நாடா கட்டிய காகிதங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு அவசரப்படாமல் பிரிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். மனைவியின் மனு, பக்கத்து வீட்டாரின் வாக்குமூலம், சம்மன் கொண்டுபோன ஷெரிஃபின் வழிச்செலவு எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

அடுத்து, வம்சாவளி தேடுவதையே ஓய்வுகால வேலையாக வைத்திருக்கும் பெரியவர். மாதக்கணக்கில் சர்க்யூட் கோர்ட் புத்தகங்களையே புரட்டி, பாதிப் பெயர்கள் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். "காமன் ப்ளீஸ் கோர்ட்டைப் பார்த்தாயா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். சர்க்யூட் கோர்ட்டோடு கூடவே இயங்கி, 1873இல் கலைக்கப்பட்ட இன்னொரு கோர்ட் அது; அதன் புத்தகங்கள் வேறு அலமாரியில் இருந்தன. தேடிய பெயர்களும் அங்கேதான்.

என் சரித்திரப் பேராசிரியருக்கு நன்றி சொல்வதற்குள் ஓர் ஒப்புதல். நான் பரபரப்பான கதை தேடித்தான் போனேன். 1852 சட்டம் அப்படிப்பட்டது: குடிப்பழக்கம், கைவிடுதல், கொடுமை என்று காரணங்களை அடுக்கிவிட்டு, நீதிமன்றத்துக்கு முறையாகப் படும் வேறெந்தக் காரணமும் போதும் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. மணமுறிவு வாங்க வெளிமாநிலத்தார் வந்து இறங்கினார்கள். நியூயார்க்கில் ஹொரஸ் கிரீலி தன் பத்திரிகையில் இந்தியானாவைத் திட்ட, சட்டத்துக்குப் பரிந்து இந்தியானா அரசியல்வாதி ராபர்ட் டேல் ஓவன் பதில் எழுத, 1860இல் பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் 1873இல் இரண்டு வருஷம் குடியிருந்தால்தான் வழக்கு என்று கட்டிப்போட்டார்கள். இதைத்தான் எழுதப்போகிறேன் என்றதும், அமெரிக்கத் தொழிலாளர் துறை ஆணையர் கரோல் ரைட் மணமுறிவுகளைக் கணக்கெடுத்து வெளியிட்ட 1889 அறிக்கையை என் முன்னால் போட்டார் பேராசிரியர். 1867–1886இல் நாடு முழுக்க 3,28,716 மணமுறிவுகள். அதில் 2,16,176 மனைவிகளுக்குக் கிடைத்தவை. "ரயிலேறி வந்த கணவன்மாரை விடு, உள்ளூர்ப் பெண்களைப் பார்" என்றார். பெட்டிகளை முதலிலிருந்து மறுபடி பிரித்தேன். அன்றைக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. இன்றைக்கு நன்றி சார்.

கையெழுத்து வாசிக்க உதவிய சனிக்கிழமை ஜூம் கூட்டத்து அக்காமாரே, இரட்டை 'எஸ்'ஸில் முதல் எழுத்தை நீட்டிப் போடும் அந்தக் காலப் பழக்கம் பிடிபடும்வரை 'மிசௌரி'யை நான் என்னவோ ஊர் என்றுதான் எழுதிவைத்திருந்தேன்.

மதுரையில் வக்கீலாக இருக்கும் மாமாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "பிரதிவாதியை மூன்று முறை உரக்கக் கூப்பிட்டும் வரவில்லை" என்ற வரி பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டே இருந்தது. வெறும் சம்பிரதாயம் என்று தாண்டிப் போயிருந்தேன். போனில் வாசித்துக் காட்டியதும் மாமா, "அட, நம்ம டவாலி கூப்பிடறதுதானேடி! அப்புறம் எக்ஸ்பார்ட்டி!" என்றார். எதிராளி வராமலே தீர்ப்பு சொல்வதைத்தான் அப்படிச் சொல்கிறார். அதற்குப் பிறகு அந்த வரியைக் கடக்கும்போதெல்லாம் காதில் ஒரு குரல் கேட்டது. வருஷக்கணக்கில் காணாமல்போன புருஷனை யாரோ வாசலில் நின்று கூப்பிடுகிற குரல்.

வீட்டில் சமையலைப் பார்த்துக்கொண்டவருக்கு இங்கே எழுதினால் கூச்சப்படுவார். விடுகிறேன்.

நான் தயாரித்த பெயர்ப் பட்டியல் வாதி, பிரதிவாதி இரண்டு வரிசையிலும் இருக்கிறது. ஒரு பிரதி கோர்ட் பதிவறைக்கே போகிறது. சாவி அம்மாவுக்கு ஒரு வார்த்தை: பதினான்காம் பெட்டி பதினாறுக்குப் பக்கத்தில் இருந்தால், வைத்தது நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.