குரல் ஏன் விட்டுவிட்டுக் கேட்கிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் இணையவழித் தொலைபேசிச் சேவையில், குறிப்பாக மாலை வேளைகளில், குரல் விட்டுவிட்டுக் கேட்பதாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். இணைய நிறுவனத்திடம் முறையிட்டால், வேகம் முழுமையாக வருகிறது, இணைப்பில் குறையேதும் இல்லை என்ற பதிலே கிடைப்பதாகவும் குறிப்பிட்டுள்ளீர்கள். இவ்விரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கக்கூடும்.

குரல் அழைப்புக்கு வேகம் மிகக் குறைவாகவே தேவை. சுருக்கப்படாத குரலை அனுப்பும் ஜி.711 முறைகூட, ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 90 கிலோபிட் அளவைத் தாண்டுவதில்லை. ஆனால் அந்தக் குரல் வழக்கமாக நொடிக்கு 50 பொட்டலங்களாக, அதாவது சிறு தரவுத் துண்டுகளாக, நறுக்கப்பட்டுச் செல்கிறது. அவை சீரான இடைவெளியில், ஒரு திசையில் 150 மில்லிநொடிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும். எனவே எங்கள் சேவையைக் கெடுக்க நினைக்கும் நிறுவனம் அதை முடக்க வேண்டியதே இல்லை. நூற்றுக்குச் சில பொட்டலங்களைக் கைவிட்டு, மற்றவற்றைச் சற்று முன்பின்னாக அனுப்பினாலே போதும், எதிர்முனையில் இருப்பவர் எரிச்சலடைந்து அழைப்பைத் துண்டித்துவிடுவார். அந்த நேரத்தில் நீங்கள் ஸ்பீட் டெஸ்ட் செய்தால் எண் முழுமையாகவே காட்டும். ஏனெனில் சோதனைக்கான சர்வர் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் வலையமைப்புக்கு உள்ளேயோ அதற்கு மிக அருகிலோ இருக்கிறது.

இணைப்பு தருபவரே தொலைபேசிச் சேவையும் விற்கும்போது இந்த ஆசை எழுவது வியப்பில்லை. அமெரிக்காவில் மேடிசன் ரிவர் என்ற தொலைபேசி நிறுவனம் வோனேஜ் போன்ற இணையவழி அழைப்புகளைத் தடுத்ததற்காக, 2005-ல் 15,000 டாலர் செலுத்தித் தடையை நீக்க ஒப்புக்கொண்டது. 2007-ல் காம்காஸ்ட் என்ற இணைய நிறுவனம், பயனர்கள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பிட்டோரண்ட் இணைப்புகளை, மறுமுனையே துண்டித்ததுபோல் தோன்றும் போலிப் பொட்டலங்களை அனுப்பி அறுத்தது வெளிவந்தது. அதை நிறுத்தும்படி ஒழுங்குமுறை ஆணையம் 2008-ல் பிறப்பித்த உத்தரவை, ஆணையத்துக்கு அதற்கான அதிகாரம் இல்லை என்று கூறி 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. விதிகளை மட்டும் நம்பி நாங்கள் தொழில் நடத்தாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காக எல்லாக் குறைகளையும் இணைய நிறுவனத்தின் தலையில் கட்டுவதும் நியாயமாகாது. நெரிசல் நேரத்தில் எல்லாருடைய வேகமும் ஒரே அளவில் குறைக்கப்பட்டால் எங்களுக்கு அதில் வழக்கில்லை. போட்டியாளரின் சேவையை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறைப்பதையே எதிர்க்கிறோம். பல சமயங்களில் கோளாறு வீட்டு வைஃபையில்தான் இருக்கிறது. ஆகவே முதலில் ரூட்டரோடு கேபிள் வழியே இணைத்துப் பேசிப் பாருங்கள். குறை நீடித்தால், அதே நேரத்தில் ஒரு முறை நேரடியாகவும் ஒரு முறை விபிஎன் வழியாகவும் அழையுங்கள். விபிஎன் என்பது, உள்ளே செல்வது என்ன என்று இணைய நிறுவனத்துக்குத் தெரியாதபடி மறைத்து, வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சுற்றுவழி. அதில் தரம் சற்றே குறைவதுதான் இயல்பு. மாறாக அதில் குரல் தெளிவானால், இணைய நிறுவனம் எங்கள் அழைப்புகளை மட்டும் கெடுக்கிறதோ என்ற ஐயம் வலுக்கிறது. விபிஎன் நெரிசலான ஒரு சந்திப்பைத் தற்செயலாகத் தவிர்த்திருக்கவும் கூடும் என்பதால், இதை மட்டுமே சான்றாகக் கொள்ள இயலாது.

எங்கள் பங்குக்கு, அழைப்புகள் அனைத்தையும் இடையில் பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கம் செய்து, சாதாரண இணையதளப் போக்குவரத்து செல்லும் 443-ஆம் போர்ட் வழியாகவே அனுப்பத் தொடங்கியிருக்கிறோம். பொட்டலங்களின் அளவையும் தாளத்தையும் வைத்தே அழைப்பை இனம்காணும் கருவிகள் இருப்பதால், இது முழுத் தீர்வாகிவிடாது.

சோதனைக்குப் பிறகும் குறை தொடர்ந்தால், அழைத்த தேதி, நேரம், இணைய நிறுவனத்தின் பெயர், கேபிளா வைஃபையா என்ற விவரம், விபிஎன் முடிவு ஆகியவற்றை எங்களுக்கு எழுதியனுப்புங்கள். உரையாடலின் ஒலிப்பதிவு தேவையில்லை, தயவுசெய்து அனுப்பவும் வேண்டாம். ஒரே நிறுவனத்தைப் பற்றிப் பலரிடமிருந்து வரும் விவரங்களை, பெயர்களை நீக்கிவிட்டு, ஒழுங்குமுறை அமைப்பிடம் முறையீடாக அளிப்போம். அதுவரை காத்திருக்க இயலாத ஆண்டுச் சந்தாதாரர்களுக்கு, எஞ்சிய மாதங்களுக்கான தொகை பிடித்தம் ஏதுமின்றித் திருப்பித் தரப்படும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு